சூடு காட்டிப் பாத்தனீங்களோ?

அந்த அக்கா யாருடைய வீட்டுக்குப் போனாலும் முதலில் எதையாவது தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். தேத்தண்ணிக் கோப்பையை, படுத்திருக்கும் பிள்ளையின் பாதத்தை, அடுப்புச் சாம்பலை, ஒருமுறை எங்கள் நாயின் மூக்கைக்கூட. எனக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவே இல்லை. ஒரு வீட்டுக்கு வந்தோமா, கதிரையில் இருந்தோமா, நாலு கதை கதைத்தோமா, போனோமா என்று இருக்க வேண்டும். இவர் என்னவென்றால் காய்ச்சல் பார்க்க வந்த நேர்ஸ் மாதிரி வீடு முழுக்கத் தடவிக்கொண்டு நிற்பார்.

நான் அப்போது வாய்க்காரி. இப்போதும் குறைச்சல் இல்லை. அக்காவைப் பற்றி முதலில் வாயால் கெட்டது சொன்னவளும் நான்தான் என்பதால், இதையும் நானே சொல்வதுதான் நியாயம். பெயர் சொல்லப் போவதில்லை. இது நடந்து கன காலம், அவர் மகள்கூடக் கலியாணமாகி வவுனியாப் பக்கம் போய்விட்டாள். ஆனாலும் தன்னைப் பற்றி யாராவது கதைத்தால் அக்காவுக்குக் கூச்சம்.

எங்கள் ஊர் அடம்பனிலிருந்து உள்ளே போகிற செம்மண் வீதியில் இருக்கிறது. நாங்கள் சண்டையின் கடைசி நாள் வரை இடம் இடமாக இழுபட்டு, முகாமில் கிடந்து, ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கூடாரத்துக்குள் இரண்டு மாரி கழித்தவர்கள். அக்கா அப்படியல்ல. கையில் பிள்ளைகளோடு படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர். அங்கே அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு மகளோடு வந்து, எங்கள் வேலிக்கு அடுத்த காணியில் குடியேறினார். 'ஓம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆமா' என்பார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்று திருத்துவார். கிணற்றடியில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

"நாங்கள் செல்லடிக்கை கிடக்கேக்கை இவை அங்கை சீரியல் பாத்துக்கொண்டிருந்தவை" என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன். அவர் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது என் குடத்தைப் புறங்கையால் ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் போனார்.

அவருக்கென்று ஒரு வசனம் இருந்தது. "சூடு காட்டிப் பாத்தனீங்களோ?" எது கெட்டுப்போனாலும், எது செத்துப்போனாலும் அதுதான் முதல் கேள்வி. டோர்ச் பற்றரி முடிந்துவிட்டது என்றால், "வெயிலிலை வைச்சுச் சூடு காட்டிப் பாத்தனீங்களோ?" தண்ணி இறைக்கிற மோட்டர் இழுக்கவில்லை என்றால் அதற்கும் அதே கேள்வி. மெக்கானிக் பொடியன் சிரித்துவிட்டு, "அக்கா, இது மோட்டர், அப்பமில்லை" என்றான். ஊர்ச் சிறுவர்கள் அவருக்குச் சூடக்கா என்று பட்டம் வைத்தார்கள். அந்தப் பட்டத்துக்கு அவர் கோபிக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "என்னடா?" என்று கேட்பார்.

ஆனால் எல்லாவற்றையும் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஒரு மாரியில் எங்கள் ஆடு மழைக்குள் குட்டி போட்டது. காலையில் பார்த்தபோது குட்டி கால் நீட்டிக் கிடந்தது. குழி வெட்டித் தாட்டுவிட மண்வெட்டியை எடுத்தேன். அக்கா வேலியைத் தாண்டி வந்து குட்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். அடுப்படியில் சாக்கை விரித்து, தேய்த்து, சூடாக்கிய துணியால் ஒத்தி ஒத்தி மத்தியானம் வரை இருந்தார். குட்டி எழும்பவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு, புறங்கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பச் சரி" என்றார். "இப்பக் கொண்டுபோய்த் தாட்டுவிடுங்கோ. சூட்டோடைதான் செத்திருக்கு."

அவர் முகத்தில் கவலை இல்லை. ஏதோ வேலை ஒன்றை ஒழுங்காக முடித்த ஆறுதல்தான் இருந்தது. இந்த மனிசிக்கு எங்கேயோ ஒரு மரை கழன்றிருக்கிறது என்று அன்று இரவு என் மனுசனிடம் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. மாதர் சங்கத்தில் நாங்கள் எல்லோரும் வான் பிடித்துக் கீரிக் கடற்கரைக்குப் போனோம். சோறு கட்டி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போன ஒரே ஒரு பயணம் அது. அக்கா வானைவிட்டு இறங்கவில்லை. "வாங்கோ அக்கா, காலை நனைச்சிட்டு வருவம்" என்று கூப்பிட்டோம். "இல்லை, மணல் குளிரும்" என்றார். வெயில் மண்டையைப் பிளக்கிற பகல். மணலில் கால் வைக்க முடியாமல் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். மணல் குளிருமாம். நான் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன்.

இப்படியிருக்கும்போதுதான் அரசாங்கக் கால்நடைக் கந்தோரின் கோழிக்குஞ்சுத் திட்டம் வந்தது. சங்கத்தில் ஐந்து வீட்டுக்கு, பொரித்து ஒருநாளான நூறு குஞ்சுகள். இறகு முளைக்கும் வரை எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்து வளர்த்து, பிறகு ஐந்தாகப் பிரிக்க வேண்டும். பாதிக்கு மேல் தப்பினால் கூடும் தீனியும் தந்து, அடுத்த ஐந்து வீட்டுக்கும் குஞ்சு தருவார்கள். தப்பாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். அந்த அடுத்த ஐந்து வீட்டில் இரண்டு வீடு புருசன் இல்லாத வீடுகள். அவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் புதிதாக இழுத்திருந்த வீடு அக்காவுடையது. அதனால் குஞ்சுகள் அங்கே போயின. எனக்கு அதுவும் எரிச்சல்தான். ஆனால் அவர் செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. காட்போட் மட்டையை வட்டமாக வளைத்து வேலி, அடியில் காய்ந்த உமி, நடுவில் கயிற்றில் தொங்கும் பெரிய மஞ்சள் பல்ப். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றாக நெருங்கினால் குளிர்கிறது என்று கயிற்றை இறக்குவார். விலகிப்போய் வாயைப் பிளந்தால் வெக்கை என்று ஏற்றுவார். நாங்கள் நால்வரும் முறை வைத்துப் போய் உதவி செய்தோம். நாள் முழுக்க அந்தக் கீச்சுச் சத்தம். எனக்கே உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்துவிட்டது. சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் காலை மழையும் காற்றுமாகப் பிடித்தது. வீதியோரத்து மரமொன்று கம்பிக்கு மேல் விழுந்து கரண்ட் போனது. கட்டுக்கரைக் குளம் நிரம்பி வழிய, அடம்பன் வீதியிலும் தண்ணீர். கம்பி கட்ட யாரும் வரப்போவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அரிக்கன் லாம்பைக் கட்டித் தொங்கவிட்டோம். மத்தியானத்துக்குள் மண்ணெண்ணெய் முடிந்தது. சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஆறிப்போயின. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறத் தொடங்கின. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். தாயில்லாத குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துத்தான் சாகும். அடியில் பத்து நசிந்து கிடந்தன. அக்கா அந்தப் பத்தையும் அடுப்பருகே கொண்டுபோய்ச் சூடு காட்டினார். ஒன்றும் அசையவில்லை. அதன் பிறகுதான் அவற்றைத் தாட்டார்.

மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். "இனி என்ன செய்யிறது, நாங்கள் குடுத்துவைச்சது அவ்வளவுதான்" என்றேன் நான்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு மூலையில் இருந்த நெல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்.

"கிடாரத்தைத் தூக்கு, தங்கச்சி" என்றார். "நெல் அவிப்பம்."

மழைக்குள் யாராவது நெல் அவிப்பார்களா? அவித்த நெல்லை வெயிலில் காயவைக்காவிட்டால் புளித்து நாறிப்போகும் என்று எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். "விசரே உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

"நெல் அவிச்ச சாக்கிலை நீ கை வைச்சுப் பாத்தனியோ? விடிய அவிச்சால் பின்னேரம் வரைக்கும் உள்ளுக்கை சூடு நிக்கும். தண்ணி அப்பிடி நிக்காது."

உண்மைதான். நெல் அவித்துக் குவித்த சாக்கின் மேல் பூனை ஏறிப் படுப்பதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? சாகப் போகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதனால் தோன்றவில்லை.

வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில் அடுப்பு மூட்டி, அந்தப் பெரிய கிடாரத்தை ஏற்றினோம். ஆவி பறக்க அவித்த நெல்லைச் சாக்கில் கொட்டி, வாயைக் கட்டி, மட்டை வேலிக்கு வெளியே சுற்றிவர அணைத்து வைத்தார். "சாக்கு வெளியிலை, குஞ்சு உள்ளுக்கை. ஈரம் உள்ளுக்கை வரப்படாது. மேலை காஞ்ச சாக்கை மட்டும் போடுங்கோ, காத்துப் போகவேணும்." ஒரு சுற்று ஆறுவதற்குள் அடுத்த கிடாரம் தயார். குஞ்சுகள் குவியலில் இருந்து இறங்கி மட்டையோரமாக வரிசையாகப் படுத்தன. அன்று இரவும் மாறி மாறி அவித்தோம். அக்காவின் நெல் முடிய, நான் என் வீட்டு மூட்டையைக் கொண்டுவந்தேன். என் மனுசன் மறிக்கவில்லை. மறித்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

அடுத்த நாளும் மழை விடவில்லை. பின்னேரம் விறகு முடிந்தது. அக்காவும் மகளும் பள்ளிக்கூடப் பக்கம் விழுந்து கிடந்த கொப்புகளை இழுத்து வரப் போனார்கள். நான் தனியே காவல். காற்று ஊசி மாதிரிக் குத்தியது. குஞ்சுகள் மறுபடி நெருங்குகிற மாதிரி எனக்குப் பட்டது. என் மண்டைக்குள் ஒரே யோசனைதான் வந்தது. தறப்பாள். எங்களுக்கெல்லாம் அந்தப் புத்திதான். மழையோ, வெயிலோ, காற்றோ, எது வந்தாலும் தறப்பாளை இழுத்து மூடினால் சரி. இரண்டு சாக்கை வேலிக்கு உள்ளே தூக்கி வைத்து, மேலே தறப்பாளால் இறுக்கி மூடி, சுற்றிவரக் கல்லும் வைத்தேன். அக்காவைவிட நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

தறப்பாள் வியர்க்கும். இரண்டு மாரி அதற்குள் படுத்து, விடியப்புறம் முகத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்து எழும்பியவளுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. சத்தம் குறைந்ததும் கல்லைத் தள்ளித் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஆவி. நெல்லின் ஆவி தறப்பாளில் பட்டுத் தண்ணீராக விழுந்து, உமி நனைந்து, குஞ்சுகள் தோய்ந்த துணிபோல ஒட்டிக்கொண்டு நடுங்கின. மூன்று அசையவில்லை.

பதறிப்போய்ச் சாக்கை வெளியே எடுத்தேன். நனைந்த உமியை அள்ளிவிட்டுப் புது உமி போட்டேன். தறப்பாளைச் சுருட்டி எறிந்தேன். பிறகு அந்த மூன்றையும் கையில் எடுத்தேன். குளிர்ந்து, கழுத்துத் தொங்கியது. அடுப்பு நாலடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அடுப்பருகே வைத்தால் அக்கா வந்து பார்ப்பார், எப்படி நனைந்தது என்று கேட்பார். நான் பின்பக்கத்தால் போய்க் குப்பைக் கிடங்கில் எறிந்து, மேலே வாழைச் சருகு ஒன்றை இழுத்துவிட்டு வந்தேன்.

அக்கா வந்ததும் விறகைப் போட்டுவிட்டுக் குஞ்சுகளை எண்ணினார்.

"மூண்டு குறையுது."

"செத்திட்டுது, அக்கா."

"சூடு காட்டிப் பாத்தனியோ?"

"ஓம்" என்றேன்.

அவர் கிட்ட வந்து, தன் புறங்கையால் என் கையைத் தொட்டார். மழையில் நனைந்து விறைத்த கை. தலையில் சாக்கொன்றைக் கொழுவிக்கொண்டு பின்பக்கம் போனார். அவர் குப்பைக் கிடங்கில் குனிந்து சருகைக் கிளறுவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றையும் கொண்டுவந்து துடைத்தார். பனையோலைக் கடகத்தில் சுடுநெல்லைப் பரப்பி, அதற்கு மேல் துணியை மடித்துப் போட்டு, துணிக்கு மேல் குஞ்சுகளை வைத்து, இன்னொரு துணியால் மூடினார். அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தார். இடைக்கிடை விரலால் நெஞ்சைத் தடவினார். நான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே அந்தக் கடகத்தைப் பார்த்தபடி இருந்தேன். கோயிலில்கூட நான் அப்படி மன்றாடியது இல்லை. இரண்டு கிடாரம் அவிந்து முடிந்த பிறகு துணி ஒரு இடத்தில் அசைந்தது. பிறகு ஒரு சின்னக் கீச்சு. ஒன்றுதான். மற்ற இரண்டையும் அவர் கன நேரம் வைத்திருந்து பார்த்தார்.

"இதுகள் சூட்டோடை போட்டுதுகள்" என்று சொல்லி எழும்பினார்.

மூன்றாம் நாள் பின்னேரம் கரண்ட் வந்தது. மஞ்சள் பல்பு எரிந்தபோது நாங்கள் ஐந்து பேரும் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். தண்ணீர் வடிந்த பிறகு கால்நடைக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி குஞ்சுகளை எண்ணிவிட்டு, "இந்த மழைக்கை இவ்வளவு தப்பினது இஞ்சை மட்டும்தான். என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். அக்கா, "நெல் அவிச்சனாங்கள்" என்றார். வந்தவருக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த ஐந்து வீட்டுக்கும் குஞ்சு வந்தது. அவித்த நெல்லைப் பங்கிட்டு, எங்கள் ஐந்து வீட்டிலும் அந்த மாரி முழுக்கப் புளித்த நெல்லின் சோறுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டோம்.

குப்பையிலிருந்து வந்த குஞ்சுக்கு வலது காலில் ஒரு விரல் மடிந்தே இருந்தது. அதனால் எத்தனை குஞ்சுக்குள் நின்றாலும் எனக்கு அது தெரியும். என் முறை வரும் நாளில் அதைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

பிரிக்கிற நாளில் கோழிகளைக் கடகத்தில் போட்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். மற்றவர்கள் போன பிறகு அக்கா அந்த விரல் மடிந்த கோழியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, இதை எறிஞ்சது நான். சூடு காட்டேல்லை. பொய் சொன்னனான்."

"தெரியும். உன்ரை கை குளிர்ந்து கிடந்தது."

"தெரிஞ்சும் ஏன் எனக்குத் தாறியள்?"

அவர் கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு கிணற்றடிக் கதை சொல்கிற குரலில் சொன்னார்.

"நாங்கள் போகேக்கை படகுக்காரன் கடலுக்கு நடுவிலை மணல் திட்டியிலை இறக்கிவிட்டிட்டுப் போட்டான். அங்காலை இருந்து வேறை படகு வருமெண்டு. ராவு முழுக்க மழை. கையிலை என்ரை கடைசிப் பொடியன், மூண்டு மாதம். விடிய விறைச்சுப்போய்க் கிடந்தான். செத்திட்டுதெண்டு கூட வந்தவை சொல்லிச்சினம். படகும் வந்திட்டுது. நானும் ஓமெண்டு குடுத்திட்டன். மணலுக்கைதான் தாட்டவை."

செல்லடிக்குள் நாங்கள், சீரியல் பார்த்தவர்கள் இவர்கள் என்று கிணற்றடியில் சொன்னவள் நான்.

"சூடு காட்டிப் பாக்கேல்லை, தங்கச்சி" என்றார். "நெருப்பு இல்லைதான். ஆனா என்ரை நெஞ்சிருந்ததுதானே."

கோழியை என் கையில் வைத்தார்.

"உனக்கு ஒண்டு திரும்பி வந்திருக்கு. கொண்டுபோய் வளர்."

எங்கள் பக்கத்தில் கோழியைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலியோரமாக வீட்டுக்கு வந்தேன். அதன் சூடு சட்டையைத் தாண்டி எனக்குத் தெரிந்தது.